ஊசி குத்தும் இடத்தில் நிற்கிறோம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் ‘மலைக்குப் போயிருக்கிறார்’ என்றால் தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். தோட்டத்துப் புத்தகத்தில் அந்த மலைக்கு ஒரு நம்பர் இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதற்குக் கோயில் மலை, வாய்க்கால் மலை என்று பேர் இருக்கும். நம்பர் சம்பளம் போட, பேர் ஆளைத் தேடிப் பிடிக்க. இப்படிப் பேர் வைத்தே பழகிய பிள்ளைகளுக்கு, ஆதாம் மலை என்றும் சொல்லப்படும் சிவனொளிபாதமலையின் வழிப்பெயர்களைப் பாடமாக்குவது பெரிய காரியமாக இருக்கவில்லை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். ஹற்றனில் படித்துவிட்டு டொரன்டோ, லண்டன் என்று சிதறிப்போன நம்மவர்கள் பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போய் அந்த மலையேறி வருகிறார்கள். கைபேசியில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு ஏறுகிறார்கள். அடுத்து வரப்போவது தண்ணீரா, செங்குத்தா, காற்றா என்று அந்தப் புள்ளிக்குச் சொல்லத் தெரியாது. அதற்காகவே இந்தப் பட்டியல்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். ஹற்றன் பக்கத்து அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து படிகள் 5,000க்கு மேல். எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், ஏனென்றால் கீழ்ப்பகுதியில் எது படி, எது பாதை என்பதே தகராறு. கணக்கை விடுங்கள். மகர தோரணம், சீதகங்குல, இந்திகட்டுபான, மகாகிரிதம்பே: ஹற்றன் பக்கத்தால் ஏறுகிறவருக்கு இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

மகர தோரணம் வரைக்கும் நடப்பதை ஏற்றம் என்றே சொல்லக்கூடாது. இரவு இரண்டு மணிக்கு உற்சாகத்தில் ஓடுகிற இடம் அது. அங்கே ஓடினவர் மேலே உட்கார்ந்துவிடுவார். சீதகங்குல குளிர்ந்த ஓடை. சிங்களத்தில் ‘சீத’ என்றால் குளிர். நம்மவர் காதில் அது சீதையின் ஆறாகவே விழும். ஏறுமுன் அங்கே குளித்துச் சுத்தமான உடுப்பு உடுப்பது வழக்கம். முகம் கைகால் கழுவினால் போதும் என்பது என் கட்சி. நனைந்த தலையோடு மூன்று மணி நேரம் ஏறி, விடியற்காலைக் காற்றில் உச்சியில் போய் நின்றால் பல் தந்தியடிக்கும். இன்னொன்று: இரத்தினபுரிப் பாதையிலும் ஒரு சீதகங்குல உண்டு. ‘சீதகங்குலவில் நிற்கிறோம்’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பமும் அந்தப் பக்கம் ஒரு குடும்பமுமாகக் காத்திருப்பது நடக்கக்கூடிய கூத்து. எந்தப் பக்கத்துச் சீதகங்குல என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்திகட்டு என்றால் ஊசி. புத்தர் அந்த இடத்தில் உட்கார்ந்து தன் துவராடையான சீவரத்தைத் தைத்தார் என்பது ஐதீகம். முதல் தடவை ஏறுகிறவர், சிங்களத்தில் ‘கோடுகாரயா’, ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து அங்கே குத்திவிட்டு, நூற்பந்தைப் பிரித்துக்கொண்டே மேலே நடப்பார். சீசன் பாதி போவதற்குள் செடி கொடியெல்லாம் நூலாகிவிடும். பனி மூட்டத்தில் பெயர்ப் பலகையைத் தேடவே தேவையில்லை. டோர்ச் வெளிச்சம் பட்டதும் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக மின்னும், பனி நீர் நூல் நெடுகக் கோத்து நிற்கும். ஊசியை மறந்து வந்தவர்கள் நூலைச் செடியில் சுற்றிவிட்டுப் போவதும் உண்டு.

வியர்த்த சட்டையை மாற்ற வேண்டிய இடமும் அதுதான். உச்சிக்குப் போய் மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு வகையில் ஏமாறுவார்கள். இந்திகட்டுபானவுக்கு மேலே வருவது மகாகிரிதம்பே என்ற செங்குத்து. போயா என்கிற பௌர்ணமி இரவில் அங்கே ஒதுங்கி நிற்க ஓர் அடி இடம் கிடைக்காது. உச்சியிலோ ஈரச் சட்டையைக் கழற்றும் அந்த அரை நிமிடத்திலேயே காற்று உடம்புச் சூட்டை வாங்கிவிடும். உலர்ந்த பெனியன் ஒன்று, கம்பளித் தொப்பி ஒன்று, இரண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி மேலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மகாகிரிதம்பேயில் படிகள் உயரம், கைப்பிடிக் கம்பி சில்லிட்டுப் போயிருக்கும். இருபது படி ஏறி, நின்றபடியே மூச்சு வாங்க வேண்டும். உட்கார்ந்தால் தொடை இறுகிக்கொள்ளும், எழும்பும்போதுதான் வலி தெரியும்.

வழியில் ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்கக்கூடாது, ‘முடியவில்லை’ என்று சொல்லக்கூடாது. கூட்டத்தை நடத்திப் போகும் மூத்தவர், ‘நடே குரா’, இதில் கண்டிப்பாக இருப்பார். தூரம் கேட்க முடியாத இடத்தில் வழிப்பெயர்தான் பதில். எதிரே இறங்கி வருகிறவர் ‘கருணாவய்’ என்று சிங்களத்தில் வாழ்த்துவார், நம்மவர் ‘அரோகரா’ போடுவார்; கூடவே ‘இந்திகட்டுபான தாண்டிவிட்டீர்கள்’ என்று ஒரு வார்த்தை கிடைத்தால் கால் தானாக நகரும்.

நம்பக்கூடாத பெயர்களும் உண்டு. ‘கடைசிக் கடை’, ‘றொட்டிக் கடை வளைவு’ இப்படிக் கடையை வைத்துச் சொல்பவை. கடைகள் டிசம்பர் போயாவுக்குப் போடப்பட்டு மே மாத வெசாக்கோடு கழற்றப்படும், அடுத்த சீசனில் இடம் மாறலாம். எந்த வருஷத்துக் கடைசிக் கடை என்று கேட்க வேண்டும். சீசன் முடிந்தபின் பாதை விளக்கும் எரியாது. தென்மேற்கு மழையில் அட்டையும் காற்றும்தான் துணை. அப்போது ஏறுகிறவருக்கு நூலும் ஓடையும் தவிர வேறு அடையாளம் அகப்படாது.

இரத்தினபுரிப் பக்கத்துப் பெயர்கள் இன்னும் பழசு, இன்னும் அழகு என்பேன். பலாபத்தலவிலிருந்து ஏறும் வழியில் நீலிஹெல என்றொரு பள்ளம். நீலி என்ற பெண் விழுந்த இடம் என்பார்கள். ஓரத்தில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிரொலி பதில் தரும். குருவிட்ட வழியும் பலாபத்தல வழியும் சேரும் இடம் ஹெரமிட்டிபான. ஹெரமிட்டி என்றால் ஊன்றுகோல். கோலை அங்கே விட்டுவிட்டு ஏறுவது பழைய வழக்கம். யோசித்தால் நியாயம் புரியும்: அதற்கு மேல் சங்கிலியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்த காலம் அது.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இந்த மலைக்கு வந்தபோதே வழிப்பெயர்கள் இருந்தன. புத்தளத்தில் அவரை வரவேற்று அனுப்பியவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. வருஷந்தோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். பாதைகள் இரண்டு என்று எழுதுகிறார்: பாபா வழி, மாமா வழி, அதாவது ஆதாமின் வழி, ஏவாளின் வழி. மாமா வழி இலகு, ஆனால் அதனால் ஏறினவர் யாத்திரை செய்தவராகவே எண்ணப்படமாட்டார். ‘ஹற்றன் பக்கத்தால் ஏறினதெல்லாம் ஏற்றமா?’ என்று இரத்தினபுரிக்காரர் இன்றைக்குக் கேலி செய்வதும் இதே பல்லவிதான். ஏறுகிறவர் பிடிக்க இருந்த பத்துச் சங்கிலிகளில் பத்தாவதற்குக் ‘கலிமாச் சங்கிலி’ என்று பேர். அதைப் பிடித்தபடி கீழே பார்த்தவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில், முஸ்லிம்களின் விசுவாச உறுதிமொழியான கலிமாவைச் சொல்லிவிடுவார். ஹிள்று குகையில் மூட்டை முடிச்சை வைத்துவிட்டு ஏறுவார்களாம், ஹெரமிட்டிபானவில் கோலை வைக்கிற மாதிரியே. அட்டைக்குத் தேசிக்காய்ச் சாறு பிழிவதையும் அவர் மறக்காமல் எழுதியிருக்கிறார். அது இன்றும் சரி. பிய்த்து எடுத்தால் கடிவாய் நெடுநேரம் கசியும். சாறோ உப்போ பட்டால் தானே விழும். ஏறுமுன் கெண்டைக்காலில் சவர்க்காரத்தை உலர்வாகப் பூசி, காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்து விடுங்கள்.

செங்குத்து தொடங்குமுன் இரத்தினபுரிப் பக்கம் வருகிற திடல் ஆண்டியாமலதென்ன. ஆண்டி செத்த திடல். சொல் நம்முடையது, பெயர் சிங்களத்தில். எந்த ஆண்டி, எந்தக் காலம் என்பது பெயரில் இல்லை. வியர்வையோடு நின்று களைத்தவர் அங்கே என்ன ஆவார் என்பது இருக்கிறது.

இறங்கும்போது முழங்கால்தான் பேசும். பக்கவாட்டில் காலை வைத்து, கம்பியை விடாமல் இறங்குங்கள். முன்னே போகிறவர் காத்திருக்க வேண்டியது நூல் கட்டின இடத்தில்; அதற்கு மேலே நின்றால் வரிசை முழுக்க நின்றுவிடும்.