ஆற்றங்கரையானிடம் கனவை இறக்கி வைத்தல்

தொண்டைமானாற்றின் கரையில் இருக்கிற செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு, ஆற்றங்கரையானிடம் நேர்த்தி வைத்துப் போகிறவர்கள் எல்லாரும் கலியாணத்துக்கும் வெளிநாட்டு விசாவுக்கும்தான் போகிறார்கள் என்று நினைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்கு நிற்கிற சனத்துக்குள், நித்திரைக்குப் பயந்து வந்தவர்களும் நிற்பார்கள். கனவில் தன்னைக் கிடத்தியிருப்பதைத் தானே பார்க்கிறவர்கள். பறை கேட்கும், சுண்ணம் இடிக்கிற சத்தம் கேட்கும், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துக்கொண்டு சுற்றி வரும். "நான் இன்னும் சாகேல்லை" என்று கத்தப் பார்த்தால் வாய் திறபடாது. வேறு சிலர் கிணற்றுக்குள் விழுவார்கள். வடமராட்சிக் கரையில் 2004 மார்கழிச் சுனாமிக் கடலைப் பார்த்தவர்களை இன்றைக்கும் கனவில் கடல் மூடும். உயிர் போகிற அந்த இடத்திலேயே முழிப்பு வரும். மணியைப் பார்த்தால் மூன்று, மூன்றரை.

வீட்டில் சொன்னால், "கனவில செத்தால் ஆயுசு கூட, பேசாமல் படு" என்பார்கள். செத்தவீடு கண்டால் கலியாணவீடு என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்த கதைதான். முதல் முறை அந்தச் சொல் ஆறுதலாக இருக்கும். அதே கனவு நாலாம் முறையும் வரும்போது, கனவை விடப் படுக்கையே பயமாகிவிடும். லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி வரைக்கும் ஃபோனைப் பார்த்தபடி கிடப்பார்கள். பிறகுதான் தாயோ மாமியோ ஆற்றங்கரையானுக்கு நேர்த்தி வைப்பது.

யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களுக்கு அச்சுவேலிப் பக்கத்தால் தொண்டைமானாறு போகிற பஸ் வசதி. வெள்ளியும் ஆவணித் திருவிழாக் காலமும் இந்தக் காரியத்துக்குச் சரிவராது. நெரிசலில் மூச்சு முட்டுவதே கனவாக வருகிற ஆளை அந்தச் சனத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவது பக்தியில் சேராது. செவ்வாயையும் வெள்ளியையும் விட்டு வேறொரு நாளைப் பார்த்து, விடியவே இறங்கிவிட்டால் வெய்யிலுக்கு முதல் ஆற்றில் தோயலாம். படியில் பாசி இருக்கும், பிடித்து இறங்க வேண்டும். மாரியில் தண்ணீர் கூடிக் கிடந்தால் செம்பில் மொண்டு தலையில் வார்த்தால் போதும். கடல் மூடுகிற கனவு காண்கிறவரை "முங்கினால்தான் பலன்" என்று ஒருவரும் தள்ள வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீரில், கரையைப் பார்த்தபடி நிற்கட்டும்.

பிறகு கடைக்காரர்கள். கற்பூரப் பெட்டியோடு கையைப் பிடித்து இழுப்பார்கள், "தங்கச்சி, செருப்பை இதில விடுங்கோ" என்று தட்டையும் கையில் திணிப்பார்கள். அதையாவது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, முகத்தைப் பார்த்த உடனே "பயந்திட்டியள் போல" என்று கிட்ட வந்து, பிறந்த திகதி கேட்டு, செய்வினை என்று சொல்லி, நூலுக்கு ஒரு விலை தாயத்துக்கு ஒரு விலை பேசுகிற ஆட்கள். பயந்த ஆளுக்கு நூல் கட்டி, தண்ணீர் ஓதிக் கொடுப்பது எங்கள் ஊர்களில் எல்லா வைரவர் கோயிலடியிலும் நடக்கிறதுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதில் ஒரு மனுசர் பக்கத்தில் இருந்து, தலையில் கை வைத்து, "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று சொல்கிறார். செய்வினை என்கிறவன் அதற்கு எதிர்மாறான வேலையைச் செய்கிறான். அன்றிரவு கனவுக்குள் ஏற ஒரு புது முகத்தைக் கொடுத்து அனுப்புகிறான். அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு அரிசி வாங்கி அன்னதான மடத்தில் கொடுக்கலாம்.

உள்ளே போனால் எல்லாம் மாறிவிடும். இந்தக் கோயிலில் பூசையைத் தொடங்கிய மருதர் கதிர்காமர் வழியில் வந்த பூசை, வாய் கட்டிப் பூசை. மந்திரச் சத்தம் இல்லை. மணி அடிக்கும், ஓயும். ஆலமிலையில் அமுது உள்ளே போகும். வெள்ளை வேட்டியோடு பூசகர் ஐயா வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்து போகும்போது காலடிகூடக் கேட்காது. மற்றக் கோயில்களில் ஓதுகிற சத்தத்துக்குள் எங்கள் பயத்தை ஒளித்துக்கொள்ளலாம். இங்கே ஒளிக்க இடமில்லை. வேலுக்கு முன்னால் தீபம் தூக்கினால், கனவில் வாய் திறபடாமல் கிடந்த ஆளும், வாய் கட்டிய பூசகரும், கை கூப்பி நிற்கிற சனமும் ஒரே மௌனத்துக்குள்தான் நிற்கிறார்கள். கனவில் அந்தப் பேச்சில்லாமை மரணம். இங்கே அது பூசை. இந்த இடத்தில் அழுகை வரும், வரட்டும். பின்னால் நிற்கிற அக்கா முதுகைத் தடவிவிடுவா. ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், சந்நிதியில் அது வழக்கமில்லை.

அந்த நேரத்தில் வேண்ட வேண்டியது ஒன்றுதான். "இந்தக் கனவு வரக்கூடாது" என்று வேண்டுவதை விட, "இந்தக் கனவு எப்படி முடிய வேணும் எண்டு காட்டு முருகா" என்று கேட்பது நல்லது. வரக்கூடாது என்று வேண்டினவர் படுக்கப் போகும்போது, வருமோ வராதோ என்று காவல் இருப்பார். காவல் இருக்கிறவருக்கு நித்திரை வராது. முடிவைக் கேட்டவருக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

அந்த வேலையைக் கோயில் மடத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு, பகல் வெளிச்சத்திலேயே தொடங்கலாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். கனவை இப்போது நடக்கிற மாதிரிச் சுருக்கமாக எழுத வேண்டும். கனவுகள் பல என்றால் மிகக் கொடியதைத் தொடாமல், கொஞ்சம் லேசானதில் தொடங்க வேண்டும். பிறகு அதை ஒரு இடத்தில் மாற்ற வேண்டும். எந்த இடத்தில், எப்படி என்பது கனவு கண்டவரின் விருப்பம், வேறு ஆள் சொல்லிக் கொடுக்கக்கூடாது. கிடத்தியிருக்கிறவர் எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்கலாம். கிணற்றுக்குள் படி முளைக்கலாம். கடல் முழங்காலோடு நின்று திரும்பலாம். வேல் வந்து அசுரனைக் குத்த வேண்டும் என்றில்லை. சண்டை போட்டு வெல்கிற முடிவை விட, சாதாரணமாக முடிகிற முடிவு பலருக்கு நன்றாக நிற்கிறது. பிறகு அந்தப் புதுக் கனவை மட்டும், கண்ணை மூடி, பகலில் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும்.

வைத்தியர்களும் இதைத்தான் செய்விக்கிறார்கள். கனவை மாற்றி எழுதி ஒத்திகை பார்க்கிற இந்த முறையை, தொடர்ந்து வரும் கெட்ட கனவுகளுக்கு அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2018 இல் பரிந்துரைத்தது. பிழை விடுகிற இடங்களும் தெரிந்தவைதான். பழைய கனவையே திரும்பத் திரும்ப வாசிப்பது ஒன்று. அது பயத்துக்கு ஒத்திகையாகிவிடும். படுக்கைக்குப் போகிற நேரத்தில் கொப்பியைத் திறப்பது இன்னொன்று. ஒரே கிழமையில் மூன்று நாலு கனவுகளை மாற்றத் தொடங்குவதும் சரிவராது. எல்லாவற்றிலும் பெரிய பிழை, நாலாம் நாள் பழைய கனவு வந்ததும் கைவிடுவது. இரண்டு மூன்று கிழமையாவது ஓட வேண்டும்.

இரவுக்கு ஒரு பாட்டுப் போதும். "துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்" என்று சம்பந்தர் தொடங்கும் பஞ்சாக்கரப் பதிகத்தின் முதற் பாட்டு நித்திரையையும் கூற்றுவனையும் ஒரே மூச்சில் வைத்துப் பேசுகிறது. வந்த கூற்றை அஞ்ச உதைத்தது அஞ்செழுத்து என்கிறது. கனவில் சாகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? திருநீறு பூசி, ஒரு முறை நிறுத்திப் பாடிவிட்டுப் படுக்கலாம். நூற்றெட்டுத் தரம் என்று கணக்கு வைத்தால் எண்ணிக்கையே நித்திரையைக் கெடுக்கும். இடையில் முழித்தால் மணி பார்க்க வேண்டாம். காலை நிலத்தில் வைத்து, கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, எங்கே கிடக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் போதும்.

விடியப்புறத்தில்தான் இந்தக் கனவுகள் அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. கனவு நிறைந்த நித்திரைக் கட்டம் இரவின் கடைசிப் பங்கில்தான் நீளும். சாராயம் குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவில் அந்தக் கட்டம் அமுங்கி, பின்னிரவில் வட்டியோடு திரும்பும். சிவராத்திரிக்கு முழித்திருந்து அடுத்த இரவு கொடிய கனவு கண்டு, விரதத்தில் பிழை விட்டுவிட்டோமோ என்று ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிழை ஒன்றுமில்லை, விட்ட நித்திரையைக் கனவோடு சேர்த்து உடம்பு எடுக்கிறது.

நேர்த்திக்காக விரதம் பிடிக்கிறவர்கள் கவனிக்க: சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிறவர் இராச் சாப்பாட்டை விட்டால், நித்திரையில் சீனி இறங்கி, வியர்த்து நனைந்து, செத்துப் போகிற மாதிரிக் கனவோடு எழும்பலாம். அப்படி எழும்பினால் முதலில் சீனி அல்லது இனிப்புக் கொடுக்க வேண்டும், திருநீறு பிறகு. இந்த ஆட்கள் வைத்தியரைக் கேட்காமல் விரதம் பிடிக்கக்கூடாது. முருகன் அதைக் கேட்கவும் இல்லை. பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கிற புரொப்ரனலோல் போன்ற குளிசைகளும், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில குளிசைகளும் கனவைக் கூட்டலாம். கனவு தொடங்கிய மாதமும் குளிசை தொடங்கிய மாதமும் ஒன்றா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தானாக நிறுத்துவது ஆபத்து. மூச்சு அடைத்துச் சாகிற கனவு, பலத்த குறட்டை, பகலில் தூங்கி விழுவது மூன்றும் சேர்ந்திருந்தால், நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற மூச்சுத் தடை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கண் திறந்திருக்க, உடம்பு அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி அமுக்குகிற மாதிரி இருப்பது பேயின் வேலை என்று நூல் கட்டப்படுகிறது. முழிப்பு முந்திவிட, உடம்பின் கட்டு அவிழச் சில விநாடி, சில வேளை ஓரிரு நிமிடம் பிந்துவதுதான் அது. மல்லாக்கப் படுக்கிறவர்களுக்கு அதிகம் வரும். சரிந்து படுத்தால் குறையும். ஒரு விரலை மட்டும் அசைக்கப் பார்த்தால் கட்டு அவிழலாம்.

இறந்தவர்கள் வந்து கூப்பிடுகிற கனவு என்றால் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்கும் போக வேண்டும். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பூரணை. அந்த நாட்களில் கேணியில் கால் வைக்க இடம் கிடையாது, தர்ப்பைக்கு இழுபறி, ஐயரைப் பிடிக்க இழுபறி. ஆனாலும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்த பிறகு, அதே ஆட்கள் கனவில் கூப்பிடாமல் சும்மா திண்ணையில் இருப்பார்கள் என்று சொல்லக் கேட்கலாம்.

போர்க்காலத்து 1995 இடம்பெயர்வும் பங்கரும் ஷெல்லும், நடந்தது நடந்தபடி கனவில் திரும்புகிறவர்களுக்குக் கொப்பி மட்டும் போதாது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. கனவைத் தாண்டி, முழித்திருக்கும்போதும் சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் அன்றைக்கே போக வேண்டும், இல்லாவிட்டால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926 க்கு அழைக்க வேண்டும். "விசர் எண்டு சனம் சொல்லும்" என்று ஒளித்து வைக்கிற வீட்டில்தான் கனவு குடியிருக்கும். சந்நிதி வாசலில் மனம் குழம்பியவர்களை ஒருவரும் விலக்குவதில்லை. அவர்களும் அதே பந்தியில் இருந்துதான் சாப்பிடுகிறார்கள்.

கனவு அடியோடு நிற்கும் மட்டும் நேர்த்தியைத் தள்ளிப்போட வேண்டாம். கிழமைக்கு நாலு தரம் வந்தது மாதத்துக்கு ஒன்றாக இறங்கினாலே போய்த் தீர்த்துவிடலாம், அவன் கொப்பி பார்த்துக் கணக்குக் கேட்கிறவன் இல்லை. அன்னதானக் கந்தன், ஒரு பிடி சோற்றோடு எங்கள் பயத்தையும் பிசைந்து தின்னத் தருகிறவன். ஆற்றங்கரையானே, வாய் பேசாமல் எத்தனை பேரின் இரவை வாங்கி வைத்துக்கொண்டாய் அப்பா! அரிசி கொடுக்கிறவர்கள் முதல் நாளே மடத்தில் சொல்லிவிட்டால் சமையலுக்கு வசதி. மரக்கறியும் தேங்காயும் அச்சுவேலிச் சந்தையில் வாங்கிக்கொண்டு போகலாம். திரும்பும்போது வாசலில் சுடச்சுடக் கச்சான் ஒரு சரை. பஸ்ஸில் ஏறி யன்னல் கரையில் இருந்தால், அச்சுவேலி வருவதற்குள் பாதிப் பேருக்குக் கண் சொக்கும்.