யானைக்காலுக்கு வாசல் விரலிடுக்கு

கால் பெருவிரலுக்கு அடுத்த விரல், பாதத்தோடு சேரும் இடத்தில் மேல்தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நல்ல காலில் தோல் மடிப்பாக எழும்பி வரும். கிள்ளவே பிடிபடாமல் தடித்துக் கிடந்தால், வீக்கம் நிணநீர் தேங்கியதால் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். யானைக்கால் வீக்கம் இந்த வகைதான். புறங்கால் திமில்போல உப்பியிருக்கும். இதயம், சிறுநீரகக் கோளாறில் வரும் வீக்கம் பொதுவாக இரண்டு காலிலும் வரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சங்கதி அது, இந்தப் பதிவில் அடங்காது.

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் கொஞ்சம் நீர், தந்துகி என்ற மயிரிழை ரத்தக்குழாயின் சுவர் வழியாகத் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்த நீரில் மிஞ்சியதையும் கூடவே வெளியேறிய புரதத்தையும் பொறுக்கி, கழுத்தடியில் இருக்கும் சிரைக்குத் திருப்பி அனுப்புவது நிணநீர்க் குழாய்கள். ஒரு நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இப்படித் திரும்புகிறது. இந்தக் குழாய்களுக்குத் தனி பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர் தானே சுருங்கும், நடக்கும்போது கெண்டைச் சதை பிழிந்துவிடும், ஏறிய நீரை வால்வுகள் கீழே வழியவிடாது. அவ்வளவுதான்.

யானைக்கால் புழு குடியிருப்பது இந்தக் குழாய்க்குள். பெண்புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், நூல் தடிமன். ஐந்தாறு வருடம் உள்ளேயே இருந்து குழாயை விரித்து, வால்வை உபயோகமில்லாமல் ஆக்கிவிடும். தேங்குவது வெறும் தண்ணீர் அல்ல, புரதம் கலந்த நீர். அதனால்தான் நீர் பிரியும் மாத்திரை போட்டால் இந்தக் கால் வற்றாது. தண்ணீர் கொஞ்சம் இறங்கும், புரதம் அங்கேயே இருந்து மறுபடி நீரை இழுக்கும்.

குமரி மாவட்டத்தில் யானைக்காலை மந்து என்றால் எல்லோருக்கும் தெரியும். கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப் போடும் குட்டை, மூடாத சாக்கடை, வலை கட்டாத செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் எல்லாமே இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிள்ளைப்பேறு வீடு. புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கி, ராத்திரி பத்து மணிக்கு மேல் தோலோர ரத்தத்துக்கு வரும். சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். கால் ஏற்கெனவே வீங்கிவிட்டவருக்குப் பெரும்பாலும் அந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, புழு எப்போதோ செத்திருக்கும். டி.இ.சி., அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரைகள் ஊரில் நோய் பரவாமல் தடுக்க. பெருத்த காலைச் சிறுக்க வைக்க அல்ல.

சரி, புழு செத்த பிறகும் கால் ஏன் பெருத்துக்கொண்டே போகிறது? விரலிடுக்கைப் பாருங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ரப்பர் பால் வெட்டுகிறவர், வயலில் இறங்குகிறவர், மீன் சந்தையில் நிற்கிறவர் காலெல்லாம் ஈரம்தான். நான்காவது, ஐந்தாவது விரலுக்கு நடுவே தோல் வெளுத்து, ஊறி, வெடிக்கும். சேற்றுப்புண். அந்த வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியாவை, நிணநீர் ஓடாத காலால் துடைத்தெறிய முடியாது. தொடையிடுக்கில் நெறி கட்டும், உடம்பு நடுங்கும், கால் சிவந்து கொதிக்கும். "வாவுக்கு வாவு பனி (காய்ச்சல்) வருது" என்று அமாவாசை, பௌர்ணமி மேல் பழியைப் போடுகிறோம். ஒவ்வொரு காய்ச்சலும் குழாய்களை இன்னும் கொஞ்சம் கெடுத்து, தோலை இன்னும் தடிப்பாக்கிவிட்டுத்தான் போகும்.

ஆகவே வைத்தியத்தில் முக்கால் பங்கு கழுவுவது. காலை, மாலை இரண்டு வேளை. வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரும் குளிக்கிற சோப்பும் போதும். முட்டிக்கு மேலிருந்து தொடங்கிப் பாதம் வரை, கையாலோ மெல்லிய பருத்தித் துணியாலோ; பிரஷ், பீர்க்கங்கூடு தொடக்கூடாது, கீறினால் அதுவே புது வாசல். மடிப்புகளுக்குள் துணியை விட்டு எடுக்கவேண்டும். நுரை போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஊற்றுங்கள். நன்றாக இருக்கும் காலையும் இதே மாதிரி கழுவுங்கள்.

பலர் கோட்டைவிடுவது துடைப்பதில்தான். தேய்க்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு எடுங்கள். துணி ஈரமில்லாமல் வரும்வரை விடக்கூடாது. வெளுத்திருந்தால் குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு. புண் ஆறினதும் நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு வாரம். தேங்காயெண்ணெய் காய்ந்த தோலுக்கு நல்லது, விரலிடுக்குக்கு ஆகாது.

காய்ச்சல் வந்துவிட்டால் உப்பு ஒத்தடம், சூடான எண்ணெய், கீறி ரத்தம் எடுப்பது மூன்றும் கெடுதல். காலை உயர்த்தி வைத்துப் படுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணி போடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். ஆன்டிபயாடிக் டாக்டர் சொல்லித்தான்; இரண்டு நாளில் சரியானதுபோலத் தெரிந்தாலும் சொன்ன நாள் முழுவதும் சாப்பிடவேண்டும். அந்தச் சமயத்தில் டி.இ.சி. கூடாது. குழப்பமாகப் பேசினாலோ, மூச்சு வாங்கினாலோ, 24 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டாலோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மற்ற நாட்களில் கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்து அரை அடி உயர்த்தலாம் (இதய நோய் உள்ளவர் கேட்டுவிட்டுச் செய்யவேண்டும்). உட்காரும்போது ஸ்டூலில் கால் வைத்து, பாதத்தை மேலும் கீழும் பதினைந்து தடவை ஆட்டினால் கெண்டைச் சதை பிழிந்துவிடும். காய்ச்சலின்போது மட்டும் ஆட்டக்கூடாது. கட்டு போடுவதானால் காலையில் எழும்புமுன், விரலடியில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப்போகத் தளர்த்தி. மேலே இறுகிவிட்டால் நீர் மேலே ஏறாமல் பாதம்தான் உப்பும்.

பலன் தெரிய, கணுக்காலுக்கு மேலே 10 செ.மீ. அளந்து பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். வாரம் ஒரு நாள், படுக்கையை விட்டு இறங்கும் முன் தையல் டேப்பால் அந்தப் புள்ளியில் சுற்றளவு எடுத்துக் காலண்டரில் எழுதுங்கள். சாயங்காலம் எடுத்த அளவோடு காலை அளவை ஒப்பிட்டுப் பயப்படவேண்டாம், சாயங்காலம் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். காய்ச்சல் வந்த தேதியையும் அதே காலண்டரில் வட்டமிடுங்கள். அளவு குறைவதற்கு முன்னால் வட்டங்கள்தான் குறையும்.