ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள்: நுரையீரல் திசு வாங்கிய அனுபவம்

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் நுரையீரல் திசு வாங்கி, அதிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை (கொலாஜன் போட்டுத் திசுவைத் தாங்குபவை) ஒருவழியாக வளர்த்துவிட்டேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் எங்கெங்கே சிக்குவார்கள் என்று சொல்லத்தான் இது.

ஆய்வுத் திட்டத்தை எத்திக்ஸ் கமிட்டி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. இழுத்தடித்தது ஆபீஸ்தான். தமிழ் ஒப்புதல் படிவத்தைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாற்றிய பிரதியும், மாற்றியவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும் என்றார் கிளார்க். அவர்கள் கொடுத்த செக்லிஸ்ட்டில் அது இல்லை. எடுத்துக் காட்டினேன். "அது பழசும்மா" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அந்த ஒரு தாளுக்காக அடுத்த கூட்டம்வரை காத்துக் கிடந்தேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சான்றை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

நோயாளியிடம் படிவத்தை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, இதுக்குன்னு தனியா அறுப்பாங்களா?" என்றார். "இல்லைங்க ஐயா, கட்டிக்காக எடுக்கிறதுல, டெஸ்ட்டுக்குப் போக மிச்சம் இருந்தா அதைத்தான் கேக்குறேன்" என்ற பிறகுதான் பேனாவை வாங்கினார். படிவத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டிய விஷயம் இது. கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது.

பெரிய அடி ஆபரேஷன் நாளில். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியே சொல்லிவிட்டது, ஃபார்மலின், திசு அழுகாமல் பதப்படுத்தும் திரவம். எந்தத் திசு வந்தாலும் அதில் போடுவதுதான் தியேட்டர் பழக்கம். பத்தாலஜிக்கு அது சரி. எனக்கு ஒரு செல்கூட உயிரோடு கிடைக்காது. ஒருவர் நம்பிக் கொடுத்தது வீணாய்ப் போனதே என்று மனசு ஆறவேயில்லை. அடுத்த முறை முந்தின நாள் சாயங்காலமே செல்களை உயிரோடு வைக்கும் மீடியம் பாட்டிலைத் தியேட்டர் சிஸ்டர் கையில் கொடுத்தேன். மூடியிலும் பக்கத்திலும் சிவப்பு மையில் 'ஃபார்மலின் வேண்டாம்' என்று எழுதி, மறுநாள் தியேட்டர் வாசலிலேயே நின்றேன். திசு கைக்கு வந்தது. லேபுக்குத் திரும்பும் வழியில், துறைமுகப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் கார் அசையவே இல்லை. ஐஸை இரண்டு மடங்கு வைத்திருந்ததால் பிழைத்தேன்.

துண்டுகளிலிருந்து செல்கள் தானாக ஊர்ந்து வெளியே வரும். அப்புறம்தான் கவனம் தேவை. கல்ச்சர் பிளாஸ்டிக் நுரையீரலைவிட லட்சக்கணக்கான மடங்கு கெட்டி. அதில் நாளாக நாளாக, நோயில்லாத நுரையீரலின் செல்கூடத் தழும்பு போடும் மயோஃபைப்ரோபிளாஸ்டாக மாறத் தொடங்கும். பிறகு மெத்தென்ற ஜெல்லுக்கு மாற்றினாலும் அந்தப் பழக்கம் லேசில் போகாது. முதல் ஒன்றிரண்டு பாசேஜுக்குள் (வளர்ந்த செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) ஜெல்லுக்கு மாற்றிவிடுங்கள். மீடியத்தில் சேர்க்கும் சீரத்தையும் குறையுங்கள், தழும்பு போடத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் அதிலேயே இருக்கிறது.

நான் போட்டது ஆரோக்கியமான நுரையீரல் அளவுக்கு 2 கிலோபாஸ்கல் (கெட்டித்தன்மையின் அளவு) ஜெல், ஃபைப்ரோசிஸ் வந்து தழும்பேறி இறுகிய நுரையீரல் அளவுக்கு 16 கிலோபாஸ்கல் ஜெல். இரண்டிலும் கொலாஜன் பூச்சு ஒரே அளவு. இல்லாவிட்டால் வித்தியாசம் எதனால் என்று சொல்லவே முடியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. ஒரே ஆளுடைய செல்கள்தான். மெத்தென்ற ஜெல்லில் சின்னதாக ஒடுங்கிக் கிடந்தன. கெட்டி ஜெல்லில் அகலப் பரந்து, மயோஃபைப்ரோபிளாஸ்டின் அடையாளமான ஆல்ஃபா ஸ்மூத் மசில் ஆக்டின் இழைகள் முனையிலிருந்து முனைவரை பச்சையாக ஓடின.

டிஜிஎஃப்-பீட்டா, செல்களைச் சுற்றியுள்ள புரத வலையான மேட்ரிக்ஸுக்குள் பூட்டிய நிலையில்தான் இருக்கும். செல் தன் மேலுள்ள இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதத்தால் பிடித்து இழுக்கும்போது, மெத்தென்ற மேட்ரிக்ஸ் கூடவே இழுபட்டு வந்துவிடும். கெட்டி மேட்ரிக்ஸ் விட்டுக்கொடுக்காது, பூட்டு திறந்துகொள்ளும். வெளிவந்த டிஜிஎஃப்-பீட்டா இன்னும் கொலாஜன் போடச் சொல்லும், மேட்ரிக்ஸ் இன்னும் இறுகும். ஃபைப்ரோசிஸ் ஏன் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒன்று விட்டுப்போய்விட்டது: முதல் பாசேஜிலேயே பாதியை உறைய வைத்துவிடுங்கள். மறுபடி திசு கேட்டுத் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டியிருக்காது.