டியூட்டி டாக்டர் ரோஸ்டரை (பணி நேர அட்டவணையை) மாற்றப் போகிறவர்களுக்கு: சேலத்து அனுபவம்

எங்கள் மருத்துவமனையில் 24 மணி நேர டியூட்டி ஒருவழியாக ஒழிந்தது. சேலத்தில் கேஷுவால்டியும் (அவசர சிகிச்சைப் பிரிவு) ஐசியூவும் இரவு பகலாக ஓடும் நடுத்தரமான தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். எம்.எஸ். (மருத்துவக் கண்காணிப்பாளர்) கையெழுத்து சுலபமாகவே கிடைத்தது. சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் அடி சம்பள நாளில் விழுந்தது. புது ரோஸ்டரில் நைட் என்றால் இரவு 8 முதல் காலை 8.30 வரை. பயோமெட்ரிக் மென்பொருளுக்கோ நள்ளிரவோடு நாள் முடிந்துவிடும். இரவு வைத்த விரலுக்கு "அவுட் இல்லை" என்றும், காலையில் வைத்த விரலை அன்றைய "இன்" என்றும் பதிந்துகொண்டது. இரண்டு நாளுக்கும் அரை நாள் ஆப்சென்ட். நைட் பார்த்த அத்தனை பேருக்கும் பிடித்தம். "சிஸ்டம் காட்டுவதைத்தான் போட முடியும்" என்று ஹெச்.ஆரில் கையை விரித்துவிட்டார்கள். மென்பொருள்காரரை நேரில் பிடித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஷிப்ட் கோடு (code, குறியீடு) போடும் திரையிலேயே மறுநாள் முடியும் ஷிப்டுக்கென்று ஒரு டிக் இருக்கிறது. அதை யாரும் தொடவே இல்லை. நைட் முடிந்த அன்றைய ஆஃபுக்கும் தனிக் கோடு கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அது கேஷுவல் லீவில் கழியும். ரோஸ்டர் தொடங்கும் முன்பே ஒரே ஒருவரை நைட் போட்டு, வருகைப் பதிவை அச்செடுத்துப் பாருங்கள். சம்பளக் கணக்கு மூடிய பிறகு போனால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. "மூன்று ஷிப்ட், மூன்று டாக்டர், போதுமே" என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். அங்கேயே மடக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று பேர் என்றால் லீவே இல்லாமல் தலைக்கு 56 மணி நேரம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் மறுபடி பழைய நிலைமைக்கே போய்விடுவார்கள். காலை 8 முதல் 2.30, மாலை 2 முதல் 8.30, இரவு 8 முதல் காலை 8.30 என்று ஹேண்டோவருக்கு (அடுத்த டாக்டரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதற்கு) அரை மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி போட்டால் வாரம் 178.5 மணி நேரம் வரும். ஆளுக்கு 48 மணி நேரம் என்று வகுத்தால் 3.7 பேர். வருடத்தில் ஆறு வாரம் லீவில் போகும் என்று சேர்த்தால் 4.2. அதாவது ஒரு இடத்துக்கு ஐந்து பேர். கேஷுவால்டியையும் ஐசியூவையும் தனித்தனியாகக் கேட்டால் பத்து, ஒரே குழுவாகக் கேட்டால் 8.4, அதாவது ஒன்பது பேரில் முடியும். அந்த ஒரு ஆளைக் குறைத்துக் காட்டியதில்தான் கோப்பு நகர்ந்தது. ஆனால் கேஷுவால்டிக்காரர்கள் வென்டிலேட்டர் பழகியிருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை முதலில் முடியுங்கள்.

கூடுதல் ஆள் கேட்டு நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மனுவோடு எந்தக் காகிதத்தை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். 1992 ஜூன் மாத மத்திய சுகாதார அமைச்சக உத்தரவு (தொடர்ந்து 12 மணி நேரம், வாரம் 48), தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்த 74 மணி நேர வரம்பு, இரண்டும் கல்லூரிகளில் இருக்கும் ரெசிடென்ட்களையும் (பயிற்சியில் உள்ள டாக்டர்கள்) மாணவர்களையும் பற்றியவை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி பி.ஜி.க்களுக்கு (முதுநிலை மாணவர்கள்) இவை பேச உதவும். தனியாரில் வைத்தால் "இது நமக்கில்லை" என்று கோப்பு திரும்பி வரும், வந்தது. எடுபட்டது பாஸ்டன் ஆய்வு. ஐசியூவில் இன்டர்ன்களை (பயிற்சி டாக்டர்கள்) வைத்து நடத்தி 2004-இல் வெளியிட்டார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் டியூட்டிகள் கொண்ட பழைய முறையில், நேரம் குறைத்த முறையைவிடக் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம். டாக்டர் சோர்கிறார் என்பதைவிட நோயாளிக்கு ஆபத்து என்பது நிர்வாகத்தின் காதில் சீக்கிரம் ஏறுகிறது. வருத்தமான விஷயம்தான், ஆனாலும் அதையே பயன்படுத்துங்கள்.

ரோஸ்டர் போடும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே சுழற்றுங்கள். தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் வேண்டாம். இரவு 8.30-க்கு வெளியே போனவரை மறுநாள் காலை 8-க்குக் கூப்பிட்டால் காகிதத்தில் பதினொன்றரை மணி நேர இடைவெளி தெரியும். ஆத்தூரிலிருந்து வந்து போகிறவருக்குத் தூங்க என்ன மிஞ்சும்? முகவரியையும் பார்த்துப் போடுங்கள். ஏற்காட்டில் வீடு உள்ளவர் நைட் முடித்த கையோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டக் கூடாது. டியூட்டி ரூமிலேயே ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து போகட்டும். அதற்காக அறைக்குத் தனிச் சாவி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, மருந்து கம்பெனிப் பெட்டிகள் அடுக்கும் இடமாக இருந்தது அது.

ஹேண்டோவர் அரை மணி நேரம் ஏட்டில் இருந்தும் முதலில் நடக்கவில்லை. காரணம், கன்சல்டன்ட் ரவுண்ட்ஸும் (மூத்த நிபுணர் நோயாளிகளைச் சுற்றிப் பார்ப்பது) 8 மணிக்கே. ரவுண்ட்ஸை 8.45-க்குத் தள்ளிய பிறகே நைட் டாக்டர் நேரத்துக்குக் கிளம்ப முடிந்தது. யார் மோசமாக இருக்கிறார், சுருக்கம், செய்ய வேண்டியவை, "இப்படி ஆனால் இதைச் செய்" என்ற எச்சரிக்கை, கடைசியில் வாங்குபவர் திருப்பிச் சொல்வது, இவ்வளவும் ஒரு ஏ4 தாளில் அடங்கும். எல்லோரும் விட்டுவிடுவது கடைசியைத்தான். அதை விட்டால் பகல் முழுக்கத் தூங்குபவருக்கு போன் போகும்.

போன்தான் அடுத்த எதிரி. வார்டில் டாக்டர்களின் சொந்த எண்கள் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, கேஷுவால்டிக்கு ஒன்று, ஐசியூவுக்கு ஒன்று என இரண்டு டியூட்டி மொபைல் வாங்கினோம். எண் இடத்துக்குரியது, ஆளுக்கு இல்லை. லேப் ரிசல்ட் போடும் வாட்ஸ்அப் குழுவில் ஆஃபில் இருப்பவர்களும் இருந்தால் இதனால் பயனே இல்லை, குழுவையும் பிரியுங்கள்.

காப்பீட்டு ப்ரீ-ஆத் (சிகிச்சைச் செலவுக்கு முன் அனுமதி) கேள்விகளுக்கு மாலை டாக்டரே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இப்போது காப்பீட்டு மேசை நிரப்பும், டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்து மட்டும்.

பர்ன் அவுட் (வேலைச் சுமையால் வரும் மனச்சோர்வு) சர்வே எடுக்கும்போது எச்சரிக்கை. இந்தச் சோர்வை அளக்கும் மாஸ்லாக் கேள்வித்தாளில் 22 கேள்விகள், காசு கட்ட வேண்டும். கோபன்ஹேகன் தாளில் 19, இலவசம். ஹெச்.ஆர். எடுத்த முதல் சர்வேயில் துறை, வயது, பாலினம் எல்லாம் கேட்டிருந்தார்கள். துறைக்கு ஒரே பெண் டாக்டர் இருந்தால் அது பெயர் கேட்டதற்குச் சமம். எல்லோரும் "நலம்" என்றே நிரப்பினார்கள், அதை வைத்துப் பிரச்சினையே இல்லை என்று ஒரு யோகா வகுப்போடு முடிக்கப் பார்த்தார்கள், அதுவும் நைட் ஆஃப் நாளில்! வயது, பாலினம் எதுவும் கேட்காமல் பெட்டியில் போடச் சொல்லுங்கள், ஐந்து பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகக் காட்டாதீர்கள்.

நல்ல ஓய்வு கிடைத்தும் தூக்கம், பசி, வாழ்க்கையில் பிடிப்பு எதுவும் திரும்பாதவருக்கு ரோஸ்டர் மருந்தல்ல. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. வேறு மருத்துவமனையில் உள்ள மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், சக ஊழியர் கண்ணில் படும் பயம் இருக்காது. ரகசியம் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவருடைய உரிமை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள்.

இன்னும் தீராதது அனஸ்தீசியா (மயக்க மருந்து) டாக்டர் பிரச்சினை. ஒரே ஒருவர், மாதம் முழுக்க ஆன் கால் (அழைத்தால் எந்நேரமும் வர வேண்டும்). எந்தக் கணக்கும் ஒரு ஆளை வைத்துப் பலிக்காது. பக்கத்து மருத்துவமனை ஒன்றோடு இரவு மாற்றி இரவு பகிரப் பேச்சு நடக்கிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு லீவ் மனுக்கள் குவிவதற்குள் முடித்தாக வேண்டும்.