செவீயாவில் சாவி கைமாறிய நாள்

நவம்பர் 23, புனித கிளமெந்து திருநாள். இந்தத் தேதியைப் பார்த்துத்தான் ஸ்பெயின் நாட்டின் செவீயா பேராலயத்துக்குக் கிளம்பினோம். 1248இல் இதே நாளில்தான் இந்த நகரம் காஸ்தில் அரசர் மூன்றாம் பெர்னாண்டோவின் கைக்கு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் பெர்னாண்டோ என்பது தெருவுக்கு நாலு வீட்டுப் பெயர்; அம்மா பிறந்த வீட்டிலும் அதே பெயர்தான். அந்தப் பெயரில் ஓர் அரசர் புனிதராக இருக்கிறார் என்று அம்மா சொன்ன நாளிலிருந்து மனதில் கிடந்த ஆசை இது.

முதலில் ஆரஞ்சு மர முற்றம். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட அல்மொஹாதுகள் என்ற முஸ்லிம் அரச வம்சத்தார் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய பள்ளிவாசலின் முற்றம் அது. தொழ வந்தவர்கள் கைகால் முகம் கழுவி ஒளு செய்த இடம். செங்கல் தரையில் மரத்துக்கு மரம் சின்ன வாய்க்கால் ஓடுகிறது. மன்னிப்பின் வாசல் என்கிற கதவில் வெண்கலத் தகடு, அதில் அரபி எழுத்து. எத்தனை பேர் பயபக்தியோடு தாண்டிய வாசலோ என்று செருப்பைக் கழற்றத் தோன்றியது.

உள்ளே வாள் பவனி. அரசரின் வாளை நகர மேயர் ஏந்தி வருகிறார். அப்புறம் அரச சிற்றாலயம் போனோம். மேலே அரசர்களின் மாதா, மடியில் பாலன். மாதாவின் காலடியில் அரசர் பெர்னாண்டோவின் உடல் உள்ள வெள்ளிப் பேழை; வருடத்தில் சில நாள்தான் திறப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கிரீடத்தோடு அந்தச் சிறுத்த உடலைப் பார்த்ததும் முழந்தாளிட்டு விட்டேன்.

ஆனால் என்னை அழ வைத்தது பேழை இல்லை, கல்லறை எழுத்து. மகன் பத்தாம் அல்போன்சோ வைத்தது. லத்தீன், காஸ்தீலியன், அரபி, எபிரேயம் என்று நான்கு மொழி. அரபியில் தேதி ஹிஜ்ரி கணக்கில், எபிரேயத்தில் யூதர்களின் கணக்கில். நாட்டின் பெயரும் அப்படியே: அரபியில் அல் அந்தலுஸ், எபிரேயத்தில் செபராத். தோற்றவர்களின் மொழியிலும் அப்பாவுக்கு நினைவுக்கல் எழுதிய பிள்ளை!

முற்றுகை ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. கிரானாடாவின் முஸ்லிம் அரசரே, கப்பம் கட்டுகிறவர் என்ற முறையில், பெர்னாண்டோவின் பக்கம் குதிரைப்படையோடு நின்றார். ஆக, இதை வெறும் மதச் சண்டை என்று சொல்லிவிட முடியாது. குவாதல்கிவீர் ஆற்றில் படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலம் ஒன்று நகரத்தைத் திரியானா கரையோடு இணைத்திருந்தது. சோறு வந்த வழி அது. 1248 மே மாதம் பெர்னாண்டோவின் கடற்படைத் தலைவர் ரமோன் போனிஃபாஸின் கப்பல்கள் அதை மோதி உடைத்தன. பிறகு பசிதான் மிச்ச வேலையைச் செய்தது. சரணடைந்த முஸ்லிம் மக்களுக்கு வீடுவாசலை விட்டுப் போக ஒரு மாதத் தவணை. சிலர் தெற்கே ஹெரெஸ் நகருக்கு, சிலர் கப்பலேறி வட ஆப்பிரிக்கக் கரையின் செயுத்தாவுக்கு. டிசம்பர் 22இல் அரசர் உள்ளே நுழைந்தார். பள்ளிவாசல் ஆலயமானது.

புனிதரிடம் கேட்க நிறைய வைத்திருந்தேன். அங்கே நின்றபோது, மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிய தாய்மார்கள்தான் கண்முன் வந்தார்கள். வீட்டில் இறந்தவர்களுக்குச் சொல்லும் 'நித்திய இளைப்பாற்றி' செபத்தை அவர்களுக்காகவும் சொன்னேன். மாதா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

பிறகு ஹிரால்டா கோபுரம். பள்ளிவாசலின் மினாராவாக இருந்தது. நகரை ஒப்படைக்கும் முன் இதை இடித்துவிட அந்த முஸ்லிம் மக்கள் கேட்டார்களாம். ஒரு செங்கல் பெயர்ந்தாலும் உயிர் தப்பாது என்று அல்போன்சோ மறுத்ததாகப் பழைய வரலாற்றேடு சொல்கிறது. ஏற 35 சரிவுகள், படிக்கட்டு கடைசியில் கொஞ்சம்தான். பாங்கு சொல்பவர் குதிரையிலேயே ஏறிப் போவாராம்.

மேலே போனதும் முதலில் ஆற்றைத் தேடினேன். அக்கரையில் திரியானா. பாலம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் மணி அடித்தது. நண்பகல். மூவேளை செபத்தை ஆரம்பித்தோம்.