சுடிதாரில் வந்த டீச்சர்

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகள், கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் செய்யும்போது ஆய்வகத்தில் வரிசையாக ஸ்பிரிட் விளக்குகள் எரியும். காப்பர் உப்பின் பச்சைச் சுடர் சரியாக வந்ததா என்று குனிந்து பார்த்தால், முந்தானை பக்கத்து விளக்கை உரசும். சிந்தெடிக் புடவையில் தீப்பிடித்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் செய்முறை வகுப்பு உள்ள நாட்களில் பருத்திச் சுடிதார்தான். துப்பட்டாவை இறுக்கிப் பின் குத்தி, மேலே கோட்டும் போட்டுக்கொள்வேன்.

முதல் நாளே ஆசிரியர் அறையில், "என்ன டீச்சர், காலேஜ் பொண்ணு மாதிரி வந்திருக்கீங்க?" என்றார் ஒருவர். "பசங்க பயப்பட மாட்டாங்கம்மா" என்றார் மூத்த ஆசிரியை. தலைமையாசிரியர் தன்மையானவர், அவருக்கும் பெற்றோர் ஏதாவது சொல்வார்களோ என்ற கவலை. எந்தப் பெற்றோரும் கேட்கவில்லை. வந்தவர்கள் மார்க்கைப் பற்றித்தான் பேசினார்கள்.

மூத்தவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மாணவிகளின் சீருடையே சுடிதார்தான். இருபத்தைந்து வயதில் வேலைக்கு வரும் பெண்ணைப் புடவைதான் டீச்சர் என்று காட்டுகிறது. ஆனால் அதே வயதில் வரும் ஆண் ஆசிரியர் சட்டையை வெளியே விட்டு, கையை மடித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார். அவரை யாரும் மேலும் கீழும் பார்ப்பதில்லை.

2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது, அந்த ஆண்டே அப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. நல்ல சட்டம். 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணையில், பெண்கள் புடவையோ, துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. கோட்டையிலேயே சரி என்றான உடைக்கு எங்கள் ஆசிரியர் அறையில் மட்டும் இன்னும் காரணம் கேட்கிறார்கள். எனக்கு ஸ்பிரிட் விளக்கு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். தமிழ் எடுப்பவருக்கு என்ன காரணம் வேண்டும்? பஸ்ஸில் தொற்றி ஏறி வர வசதியாக இருக்கிறது என்றால் போதாதா?

புதிதாக வந்திருக்கும் இயற்பியல் டீச்சர் முந்தின நாள் இரவே போன் செய்துவிடுகிறார்: "நாளைக்கு நீங்க சுடிதாரா மேடம்? அப்போ நானும் போட்டுக்கறேன்." நான் லீவு என்றால் அன்று அவர் புடவையில்தான் வருகிறார்.