டிக்கெட்டில் பெயர் உண்டு, ஹெல்மெட்டில் எண் இல்லை

இத்தாலியில் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் இல்லாமல் மைதானத்தின் பக்கமே போகாதீர்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாம் அச்சாகியிருக்கும். வாசலில் அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். ரோம் ஒலிம்பிக்கோ மைதானத்தின் வாசலில் நின்ற இளைஞர் என் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு 'திண்டிவனம்' என்பதை எழுத்து எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் உள்ளே விட்டார், ஆனால் என் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றித் தொட்டியில் போட்ட பிறகுதான். மூடி போட்ட முழு பாட்டிலை எறிந்தால் மண்டை உடையும். மூடி இல்லாவிட்டால் தண்ணீர் வழியிலேயே கொட்டிவிடும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் இருக்கிறது. 1979 அக்டோபர் 28 அன்று இதே மைதானத்தில் ரோம் நகரின் இரண்டு அணிகளான ரோமாவும் லாட்சியோவும் மோதின. ரோமா ரசிகர்கள் பக்கமிருந்து ஏவிய, கப்பல்கள் அபாயக் குறிக்குப் பயன்படுத்தும் ராக்கெட் ஒன்று மைதானம் முழுவதையும் தாண்டி எதிர்ப்பக்கம் வந்தது. அங்கே மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வின்சென்சோ பாப்பரெல்லி என்பவரின் கண்ணில் பாய்ந்து அவரைக் கொன்றது. அவருக்கு 33 வயது. அதற்குப் பிறகு கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு என்று சாவுகள் தொடர்ந்தன. 1989இல் வந்த சட்டம் கலவரம் செய்பவரை மைதானத்துக்குள்ளேயே விடாமல் தடுக்க வழிசெய்தது. 'தாஸ்போ' என்று எல்லோரும் சொல்வது இந்தத் தடையைத்தான். 2005இல் டிக்கெட்டில் பெயர் அச்சிடும் விதி வந்தது. 2009க்குப் பிறகு 'ரசிகர் அட்டை' என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். ஒரு ரசிகன் யார், எங்கே பிறந்தான், எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அரசுக்கு அத்துப்படி.

சரி, எப்படிப் போவது என்று சொல்கிறேன். ஃப்ளமினியோவில் 2ஆம் எண் டிராம் ஏறி, கடைசி நிறுத்தமான பியாட்சா மன்சினியில் இறங்கிப் பாலத்தைக் கடக்க வேண்டும். டிராம் டிக்கெட் ஒன்றரை யூரோதான். பாலம் முடிந்ததும் எதிரில் வெள்ளை நிறத் தூண் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். அதில் 'முசோலினி' என்று பெரிய எழுத்தில் இன்னும் இருக்கிறது. யாரும் அழிக்கவில்லை. அதன் அடியிலேயே ஆட்கள் சாவகாசமாக நின்று புகைபிடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிடித்தது போர்கெத்தா. முழுப் பன்றியை எலும்பு நீக்கி, பூண்டும் ரோஸ்மேரியும் மிளகும் திணித்துச் சுட்டு, மொறுமொறுப்பான தோலோடு சீவி ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். மைதானத்துக்கு வெளியே வேனில் விற்ற பெரியவர் தோலை இரண்டு கை நிறைய அள்ளி வைத்தார். ஆறு யூரோ, கிட்டத்தட்ட அறுநூறு ரூபாய். கணக்குப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் அந்த முழுப் பயணத்திலும் நான் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு கிடைத்தது அந்த ரொட்டியில்தான். தோல் பல்லில் உடைகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. இன்னொன்று வாங்க ஆசை. டிக்கெட்டுக்கே 35 யூரோ போயிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மைதானத்தைச் சுற்றிக் கலகத் தடுப்புப் போலீஸ் வரிசையாக நின்றது. நீல வேன்கள், கேடயங்கள், தடிகள், முகம் மறைக்கும் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டுகள். நான் ஒவ்வொரு ஹெல்மெட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றில்கூட அதை அணிந்திருப்பவரை அடையாளம் காட்டும் எண் இல்லை.

என் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் மகளோடு வந்திருந்தார். ஒரு பள்ளியில் காவலாளி வேலை. சின்ன வயதிலிருந்தே லாட்சியோ ரசிகர். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தது, ஆனால் பேச ஆசைப்பட்டார். "காப்ரியேலே சாந்த்ரியைத் தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அதற்கப்புறம் ஆட்டத்தில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாந்த்ரிக்கு 26 வயது. ரோமில் இசைத்தட்டு சுழற்றும் டிஜே. 2007 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை காலை. இன்டர், லாட்சியோ ஆட்டம் பார்க்க நண்பர்களோடு காரில் மிலானுக்குப் போய்க்கொண்டிருந்தார். அரெட்சோவுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடமான பாதியா அல் பினோவில் யுவென்டஸ் ரசிகர்களோடு சின்னத் தகராறு. அது முடிந்து கார் கிளம்பிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்தில் இருந்த ஒரு போலீஸ்காரர் அங்கிருந்தபடியே சுட்டார். பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த சாந்த்ரியின் கழுத்தில் குண்டு பாய்ந்தது.

"பிப்ரவரியில் போலீஸ்காரர் செத்தபோது நாடு முழுக்கக் கால்பந்தை நிறுத்தினார்கள். நவம்பரில் போலீஸ்காரரே ஒரு பையனைச் சுட்டபோது பத்து நிமிடம் தாமதமாக ஆட்டத்தை ஆரம்பித்தார்கள்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். அவர் சொன்ன பிப்ரவரி சம்பவம் கத்தானியாவில் நடந்தது. 2007 பிப்ரவரி 2 அன்று கத்தானியா, பலெர்மோ ஆட்டத்தின்போது வெடித்த கலவரத்தில் ஃபிலிப்போ ராச்சித்தி என்ற 40 வயது போலீஸ் ஆய்வாளர் இறந்தார். இரண்டு இளைஞர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அவர்களில் ஒருவருக்குச் சம்பவம் நடந்தபோது 17 வயது. போலீஸ் ஜீப் பின்னால் வந்து இடித்ததில்தான் அவர் இறந்தார் என்று அவர்கள் தரப்பு கடைசிவரை வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

நவம்பரில் இன்டர், லாட்சியோ ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். பெர்கமோவில் ரசிகர்கள் தடுப்புக் கண்ணாடியை உடைக்க முயன்றதால் அட்டலாந்தா, மிலான் ஆட்டம் சில நிமிடங்களிலேயே நின்றது. மற்ற பல ஊர்களில் ஆட்டம் நடந்தது. அன்று இரவு ரோமில், ஜென்ம விரோதிகளான ரோமா ரசிகர்களும் லாட்சியோ ரசிகர்களும் ஒன்றாகச் சேர்ந்து போலீஸ் முகாமைத் தாக்கினார்கள்.

பக்கத்து இருக்கைக்காரரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் லாட்சியோ ரசிகர் கூட்டத்தை நான் நல்லவர்கள் என்று எழுத மாட்டேன். 2016இல் நாப்போலி வீரர் கூலிபாலியைக் கறுப்பர் என்பதற்காகக் கேலி செய்து, நடுவர் ஆட்டத்தையே இடையில் நிறுத்த வேண்டிவந்தது இதே மைதானத்தில்தான். 2017இல் நாஜி வதைமுகாமில் இறந்த யூதச் சிறுமி ஆனி ஃபிராங்குக்கு ரோமா சட்டை போட்ட ஸ்டிக்கர்களை, ரோமா ரசிகர்களை இழிவுபடுத்த இங்கே ஒட்டியவர்களும் அவர்கள்தான். என் நிறத்தோடு அந்த வடக்குப் பக்கக் கூட்டத்துக்குள் போய் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. விலை குறைவாக இருந்தும் அங்கே டிக்கெட் வாங்காததற்கு அதுதான் காரணம். ஆனாலும் ஒருவன் கேவலமாகக் கத்துகிறான் என்பதற்காக அவனையோ, அவனுக்குப் பக்கத்தில் நிற்பவனையோ சுட முடியாது. இந்தச் சின்ன விஷயத்தை ஒத்துக்கொள்ள ஏன் இவ்வளவு பேருக்குக் கஷ்டமாக இருக்கிறது?

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் டிராமில் கால் வைக்க இடமில்லை. டாக்சிக்காரர் ஒருவர் மீட்டரைத் தொடாமலேயே தெர்மினி நிலையத்துக்கு 40 யூரோ என்றார். பகல் கொள்ளை. நடந்தேன். கால் வலித்தாலும் பணம் மிச்சம்.

மறுநாள் வடக்கே போக இருப்பதிலேயே மலிவான பஸ்ஸைப் பிடித்தேன். ரயிலில் போகிறவர்கள் புண்ணியவான்கள். ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னல் திறக்காது, கழிப்பறைக் கதவைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒரு பாட்டி கைக்குட்டையால் விசிறிக்கொண்டே ஓட்டுநரைத் திட்டிக்கொண்டு வந்தார். மொழி புரியாவிட்டாலும் ஒவ்வொரு சொல்லையும் வழிமொழிந்தேன். ஓட்டுநர் ஓய்வுக்காக வண்டியை ஓரம்கட்டியபோது பலகையைப் பார்த்தேன். பாதியா அல் பினோ.

காபி குடிக்கக்கூடப் போகவில்லை, நேராக வேலிப் பக்கம் போனேன். கம்பியில் கழுத்துத் துண்டுகள் கட்டியிருந்தன. வெளிர்நீல லாட்சியோ துண்டு மட்டுமில்லை, எனக்கு அடையாளம் தெரியாத கிளப்களின் துண்டுகளும் இருந்தன. சில வெயிலில் நிறம் வெளுத்து ஓரம் பிரிந்து தொங்கின. அங்கே நின்று எதிர்ப்பக்கம் பார்த்தேன். நடுவில் லாரிகளும் கார்களும் இரண்டு திசையிலும் சீறிக்கொண்டு போயின. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஆளின் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. அங்கிருந்து இங்கே, ஓடும் வண்டிகளுக்கு நடுவே சுட்டிருக்கிறார். அந்த இடத்தில் நின்று பார்த்தால் 'தவறுதலாக' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. முதலில் அரெட்சோ நீதிமன்றம் அதைக் கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று சொல்லி 6 ஆண்டுகள் கொடுத்தது. 2010இல் ஃப்ளாரன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெரிந்தே செய்த கொலை என்று 9 ஆண்டுகள் 4 மாதங்களாக உயர்த்தியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இதே ஓய்விடத்தில்தான் 2023 ஜனவரி 8 அன்று ரோமா ரசிகர்களும் நாப்போலி ரசிகர்களும் நெடுஞ்சாலையை மறித்து அடித்துக்கொண்டார்கள். ஒரு பையன் செத்த இடம், கண்ணெதிரே துண்டுகள் தொங்குகின்றன, அங்கேயே தடியும் பட்டாசும். அதைப் படித்தபோது வந்த கோபம் நேரில் பார்த்தபோது இரண்டு மடங்கானது. உள்துறை அமைச்சர் இரண்டு கிளப் ரசிகர்களுக்கும் இரண்டு மாதம் வெளியூர் ஆட்டத்துக்குப் போகத் தடை போட்டார். அன்று அந்தச் சாலைப் பக்கமே போகாத ஆயிரக்கணக்கானவர்களுக்கும் சேர்த்துத்தான் தடை.

ஃபெராராவில் தங்கியது சும்மா அழகுக்காக இல்லை. ஆனாலும் அழகான ஊர். செங்கல் நிறத் தெருக்கள், ஆளுக்கொரு சைக்கிள். பூசணிக்காய் அடைத்த கப்பெல்லாச்சி என்ற பாஸ்தாவை உருக்கிய வெண்ணெயில் போட்டுத் தந்தார்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்து நாக்கில் நின்றது. சுவை சொர்க்கம், விலை ரோமைவிடக் குறைவு. சாப்பிட்டுவிட்டு வியா இப்போத்ரோமோ என்ற தெருவுக்கு நடந்தேன்.

2005 செப்டம்பர் 25 விடிகாலையில் ஃபெடரிகோ அல்த்ரோவாந்தி என்ற 18 வயதுப் பையன் அந்தத் தெருவில் நான்கு போலீஸ்காரர்களிடம் மாட்டி உயிரிழந்தான். அவன் மேல் இரண்டு தடிகள் உடைந்தன. ஆட்டம் எதுவும் இல்லை, கலவரமும் இல்லை. அவன் அம்மா பத்ரீட்சியா மொரெத்தி 2006 ஜனவரியில் இணையத்தில் எழுத ஆரம்பித்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. நான்கு பேருக்கும் மூன்றரை ஆண்டுகள் தண்டனை. அதில் மூன்று ஆண்டுகள் பொது மன்னிப்புச் சட்டத்தில் கழிந்துபோயின. 2014இல் ஒரு போலீஸ் சங்க மாநாட்டில் அவர்களில் மூன்று பேருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளூர் கிளப்பான ஸ்பாலின் ரசிகர்கள் ஃபெடரிகோவின் முகம் வரைந்த கொடியை மைதானம் மைதானமாகக் கொண்டுபோனார்கள். 2017இல் ரோம் மைதானத்துக்குள் அந்தக் கொடியை விடவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனின் முகம் யாரை அடிக்கப்போகிறது?

அதற்கு முந்தின நாள், 2005 செப்டம்பர் 24, வெரோனா ரயில் நிலையத்தில் ஆட்டம் முடிந்து ஊர் திரும்பக் காத்திருந்த ப்ரெஷியா ரசிகர் பாவ்லோ ஸ்கரோனியைக் கலகத் தடுப்புப் போலீஸ் தலையில் தடியால் அடித்துக் கோமாவில் தள்ளியது. பிழைத்தார், ஆனால் வாழ்நாள் முழுவதும் ஊனம். வழக்கு நடந்த போலீஸ்காரர்கள் 2013இல் விடுதலையானார்கள். அடித்தது போலீஸ்தான் என்பதில் நீதிமன்றத்துக்குச் சந்தேகமில்லை. ஹெல்மெட்டுக்குள் இருந்தது யார் என்பதை மட்டும் நிரூபிக்க முடியவில்லை.

2001இல் ஜெனோவா ஜி8 மாநாட்டின்போது தியாஸ் பள்ளியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய வழக்கிலும் இதே கதைதான். அடித்தவர்களை அடையாளம் காணவே இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015இல் இத்தாலியைக் கண்டித்தது. அதற்கப்புறம் 2017இல் சித்திரவதையைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எண் மட்டும் இன்னும் வரவில்லை.

ஃபெராராவிலிருந்து பெர்கமோ விமான நிலையத்துக்கு வெரோனா, ப்ரெஷியா வழியாக மெதுவான ரயில்களில் போனேன், மலிவு என்பதால். வெரோனாவில் வண்டி மாறும்போது நடைமேடையில் ப்ரெஷியா ரசிகர்கள் சிலர் நின்றிருந்தார்கள். கல்லூரி மாணவன் ஒருவனிடம் ஸ்கரோனி பெயரைச் சொன்னதும் நான்கு பேர் கூடிவிட்டார்கள். போலீஸ் ஹெல்மெட்டில் எண் வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். எண் போட்டால் ரவுடிகள் எங்களைக் குறிவைப்பார்கள் என்று போலீஸ் சங்கங்கள் மறுக்கின்றனவாம். இங்கிலாந்தில் போலீஸ்காரர் தோளில் எண்ணோடுதான் கலவரக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறார். இவர்கள் கேட்பதும் அதே எண்ணைத்தான், வீட்டு முகவரியை இல்லை.